ஹைக்கேவிடம் சொல்லாமல் வந்தது

எனக்கு எழுபத்தி நாலு வயசு. அஞ்சு பேரை வளர்த்தேன். பெத்தது நாலு, சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்த என் நாத்தனார் விட்டுட்டுப் போனது ஒண்ணு. அஞ்சில் ஒண்ணுகூட என் பேச்சைத் தட்டினது கிடையாது. ஆரணியில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். நாலாம் கிளாஸோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். எனக்கொன்றும் அவசரமில்லை.

ஜெர்மனிக்குப் போய் ஒன்றரை மாசம் இருந்துவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்டி இருந்துச்சி?" என்று கேட்கிறார்கள். பனியைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன், அங்கே முருங்கைக்காய் என்ன பாடுபட்டாலும் கிடைக்காது என்று சொன்னேன். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

என் மூணாவது பொண்ணு கஸ்தூரி அங்கே ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். நாற்பத்தி மூணு வயசு. நான் பார்த்துக் கட்டிக்கொடுத்தவன் சரியில்லை, பத்து வருஷமாய்த் தனியாகத்தான் இருக்கிறாள். பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒரு ரசம் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

சென்னை ஏர்போர்ட்டில் ஒருத்தன் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து "உக்காருங்க பாட்டி" என்றான். திருமலை மலையை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கினவடா நான் என்று சொல்லிவிட்டு நடந்தேன். நடந்தேன், நடந்தேன், அந்தக் கட்டடம் முடியவே இல்லை. பாதி வழியில் அந்தப் பையன் திரும்ப வருவானா என்று பார்த்தேன். வரவில்லை.

அங்கே இறங்கினால் கஸ்தூரி ரெண்டு ஊன்றுகோலோடு நின்றிருக்கிறாள். பக்கத்தில் ஆம்பளை மாதிரி முடியை ஒட்ட வெட்டின, வாட்டசாட்டமான ஒரு பொம்பளை. அவள்தான் ஹைக்கே. அந்த ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறாள். என் மூட்டை ரெண்டையும் கைக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"உள்ள செங்கல்லான்னு கேக்கறாம்மா."

"அரிசின்னு சொல்லு. ஆரணி அரிசி."

"இங்கயும் அரிசி கெடைக்குமே, எதுக்கு இவ்ளோ தூரம்னு கேக்கறா."

"அரிசி கெடைக்கும், சோறு கெடைக்காதுன்னு சொல்லு."

கஸ்தூரி சொன்னாள். ஹைக்கே தலையைப் பின்னால் சாய்த்து அந்த ஏர்போர்ட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ரொட்டியும் வெண்ணெய்க் கட்டியும்தான் இருந்தது. கையோடு கொண்டுபோன சின்ன இடிகல்லை எடுத்து மிளகும் சீரகமும் இடித்தேன். பத்து இடி இடிப்பதற்குள் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். கோபமில்லை, ரொம்ப மரியாதையாய்த்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இடிக்கக் கூடாதாம், ஆணி அடிக்கக் கூடாதாம், சத்தமே வரக் கூடாதாம்.

எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால்தான் என்ன ஆச்சு, யாராவது செத்துட்டாங்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். இப்போது பவர்லூம் வேறு நாலு வீட்டுக்கு ஒன்று. அந்தச் சத்தத்தில் பேசினால் காதில் விழாது என்று எங்கள் வீடுகளில் பாதிப் பேச்சு கையில்தான். சாப்பிட வா என்பதற்கு ஒரு கை, ஆள் வந்திருக்காங்க என்பதற்கு ஒரு கை. இடது உள்ளங்கையை விரித்து அதன் மேல் வலது கையை வைத்து அறுக்கிற மாதிரி இழுத்தால், போதும், நிறுத்திட்டு எழுந்து வா என்று அர்த்தம். நெய்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கிற மாதிரி. அந்தக் கையை எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் காட்டுவேன். காட்டினால் என் வீட்டுக்காரர் உட்பட எழுந்துவிடுவார்கள்.

மூணாம் நாள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போனோம். அந்த ஊர் ரயிலில் ஒரு விசேஷம். நடுவழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டியை ரெண்டாய்ப் பிரித்துவிடுகிறார்கள். முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறொரு ஊருக்கு. பேச்சு சுவாரசியத்தில் நாங்கள் பின்பாதியில் உட்கார்ந்துவிட்டோம். ஆஸ்பத்திரி இருக்கிற பாதி போயே போய்விட்டது. ஆறு வருஷமாய் இந்த வண்டியில்தான் போகிறேன், இப்படி ஆனதே இல்லை, எல்லாம் உன் நாத்தனார் கதையால்தான் என்று கஸ்தூரி சிரித்தாள்.

ஆள் இல்லாத ஒரு ஸ்டேஷனில் இறங்கி, ஒரு மணி நேரம் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். நான் கட்டிக் கொண்டுபோன தயிர்ச் சோற்றைப் பிரித்தேன். எதிர் பெஞ்சில் இருந்த கிழவி நாங்கள் கையால் சாப்பிடுவதையே பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் மோர்மிளகாய் ஒன்று கொடுத்தேன். அதைக் கடித்துவிட்டு அவள் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துபோய் நின்றாள். பாவம்.

சாப்பிட்டு முடித்ததும் கஸ்தூரி கைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செஸ் பலகையை எடுத்தாள். காந்தம் வைத்த காய்கள்.

"என்னடி இது, சின்னப் புள்ள மாதிரி?"

"கிளப்ல ஆடறேன்மா. எட்டு பேர் ஒரு டீம். ஹைக்கேவும் எங்க டீம்தான். இந்த வட்டாரத்து ஊர்ங்களுக்கெல்லாம் ஒரு லீக் இருக்கு. வர்ற ஞாயிறு கடைசி ஆட்டம். ஜெயிச்சாத்தான் இந்த லீக்ல இருப்போம். சமமா முடிஞ்சாகூட கீழ் லீக்குக்குத் தள்ளிடுவாங்க."

"எத்தினி வருஷமா இது?"

"ஆறு வருஷம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

காய்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "பத்தாவது படிக்கறப்ப வேலூர்ல ஒரு போட்டிக்கு ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. உங்கிட்ட கேட்டேன். ஊர் ஊரா போய் கட்டைய நகத்தப் போறியாடின்னு சொன்ன. அப்புறம் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

எனக்கு அது சுத்தமாய் நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கீழே சிந்தின சோற்றைப் பொறுக்கிக்கொண்டு, வண்டி எப்போ வரும் என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். கால் இப்படி இருக்கிறப்போ கூட ஒரு ஆள் வேண்டாமா. ஹைக்கேதான் வேன் ஓட்டினாள். ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு ஊர், அங்கே தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு கூடம். ஒரு ஓரத்தில் காபி, நாலு விதமான கேக், வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி. உள்ளூர்க்காரர்களின் பெண்டாட்டிகள் செய்துகொண்டு வந்ததாம். நானும் எலுமிச்சம்பழச் சோறு கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்த கால் மணி நேரத்தில் தட்டு காலி. வெள்ளரிக்காய் ரொட்டி அப்படியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் கூடம் அடங்கிவிட்டது. எட்டு பலகை, பதினாறு பேர், இருமல்கூட உதட்டுக்குள். கஸ்தூரிக்கு எதிரில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர். பக்கத்துப் பலகையில் ஹைக்கே. நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கஸ்தூரியின் ஊன்றுகோல்கள் என் மடியில். படவேட்டம்மன் குங்குமத்தைக் காலையிலேயே அவள் நெற்றியில் வைத்துவிட்டிருந்தேன். அவள் கன்னத்தில் கைவைத்துப் பலகையைப் பார்த்த பார்வை எனக்குப் புதுசு. என் வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

ஒரு மணி நேரம், ரெண்டு, மூணு. ஒவ்வொரு பலகையாய் முடிந்துகொண்டே வந்தது. முடித்தவர்கள் ஓசைப்படாமல் எழுந்து, மீதி ஆடுகிறவர்களைச் சுற்றி நின்றார்கள். நாலு மணி நேரம் ஆனபோது கஸ்தூரியும் ஹைக்கேவும்தான் பாக்கி. அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் சமம்.

மேசைக்கு அடியில் அவள் கால் தெரிந்தது. கட்டுக்கு மேலே வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. வேளைக்குப் போடவேண்டிய வலி மாத்திரையையும் போடவில்லை.

அந்த நேரத்தில்தான் சிவப்பு ஸ்வெட்டர்க்காரர் தணிந்த குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கஸ்தூரி ஹைக்கேவின் பலகையைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

நான் இடது கையை விரித்து, வலது கையால் அறுத்துக் காட்டினேன்.

அவள் என்னையே ஒரு நொடி பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெரியவரிடம் கையை நீட்டினாள். ரெண்டு பேரும் கடிகாரத்தை நிறுத்தி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாத்திரையைக் கொடுத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"ஜெயிச்சியா?"

"டிரா. ஆளுக்குப் பாதி. அவருதான் கேட்டாரு. ஹைக்கே ஜெயிச்சிட்டா போதும்."

ஹைக்கே ஜெயிக்கவில்லை. இன்னும் அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க ஆடி, அவளுடையதும் டிராவாகிவிட்டது. மொத்தத்தில் நாலுக்கு நாலு, சமம். கீழ் லீக்குதான். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கோட்டு மாட்டினார்கள். வேனில் வரும்போது ஹைக்கே ஒரு தடவை என்னவோ சொன்னாள், கஸ்தூரி இல்லை இல்லை என்று தலையாட்டினாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கால் பிழைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விளையாட்டுக்குப் போய் இத்தனை துக்கமா என்றுகூடத் தோன்றியது.

புதன்கிழமை கஸ்தூரி டாக்டரிடம் போயிருந்தாள். லேபிலிருந்து ஒருத்தி காரில் கூட்டிப் போனாள். நான் தனியாய்க் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஹைக்கே வந்தாள், பஸ் ஓட்டுகிற யூனிபார்மோடு. கையில் ஒரு கேக். கஸ்தூரி இல்லை என்று கையைக் காட்டினேன். அவளுக்கு என்னிடம்தான் பேச வேண்டும் போல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை எடுத்து அதில் பேசினாள். போன் தமிழில் பேசியது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு தமிழ்.

"உங்கள் மகள் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாள். ஆனால் தவறு என்னுடையது."

நான் கீரையைக் கீழே வைத்தேன்.

"அவள் வெல்லும் நிலையில் இருந்தாள். அவளிடம் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆடியிருந்தால் அது ராணி ஆகியிருக்கும். அவள் என் பலகையைப் பார்த்தாள். நான் வெல்வேன் என்று நம்பி சமன் செய்தாள். நான் அவளை ஏமாற்றிவிட்டேன்."

அவள் கண் சிவந்திருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, குனிந்து தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பவும் பேசினாள். போன் சொன்னது: "அடுத்த வருடம் நான் அணியில் இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் பேசினால் அது அவள் பாஷையில் சொல்லும். அதில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. எனக்காகத்தான் காத்திருந்தது.

நீ இல்லைம்மா, நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நாலு தறியையும் இத்தனை பேரையும் கட்டி மேய்த்தவள். கடைக்காரனோ மேஸ்திரியோ, எவன் முன்னாலும் வாய் தடுமாறினது கிடையாது. ஊர் பேர் தெரியாத ஒருத்தி முன்னால், என் பொண்ணு ஆட்டத்தை நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேக்கு நல்லா இருக்கு" என்றேன். இன்னும் அதை வெட்டக்கூட இல்லை.

போன் அதைச் சொல்லியது. ஹைக்கே தலையாட்டினாள். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் கஸ்தூரி வந்ததும் கேட்டேன். "ஜெயிக்கற ஆட்டமாடி அது?"

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேக்கைப் பார்த்தாள். "ஆமா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். கொஞ்சம் பொறுமையா ஆடணும், அவ்ளோதான்."

"அப்ப ஏன்டி எழுந்த?"

"நீ கை காட்டினியேம்மா."

"நான் காட்டினா? எனக்கு அதுல என்ன தெரியும்? முடியாது போன்னு நீ உக்காந்திருக்கணும்."

கஸ்தூரி சிரித்தாள். "உன் கைய பாத்ததும் கால் தானா எழுந்துக்குதும்மா. நான் யோசிக்கறதுக்குள்ள எழுந்துடறேன். அதுக்கப்புறம்தான் ஹைக்கே ஜெயிச்சிடுவா, பரவால்லன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்."

"இத ஹைக்கேகிட்ட சொல்றதுதானே? அவ டீமையே விட்டுப் போறேன்றா."

"எப்டிச் சொல்றது? எங்கம்மா கை காட்டினாங்க, நான் ஆட்டத்த விட்டுட்டேன்னா? எனக்கு நாப்பத்தி மூணு வயசும்மா. லேப்ல எனக்குக் கீழ ஆறு பேர் வேலை பாக்கறாங்க. வெக்கமா இருக்கு."

நான் அடுப்படிக்குப் போனேன். கீரையைக் கடைந்தேன். ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

இன்னும் ஒரு மாசம் அங்கே இருந்தேன். ஊருக்குள் போகும்போது ரெண்டு தடவை ஹைக்கேவின் பஸ்ஸிலேயே ஏறினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையசைப்பாள். நானும் அசைப்பேன். இறங்குகிறபோது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். என் பின்னால் ஆள் நிற்பார்கள், கதவு மூடிவிடும். என்னை விமானம் ஏற்றிவிடவும் அவள்தான் வந்தாள். காலி மூட்டையை ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு "செங்கல் எங்கே?" என்று கேட்டாளாம். எல்லாரும் சிரித்தோம். அப்போதும் சொல்லவில்லை.

சும்மா இருக்கிறபோது இதையே நினைத்துக்கினு இருக்கிறேன். கால் வீங்கியிருந்தது நிஜம்தான். ஆனால் நான் கையைக் காட்டினது அதற்காக மட்டும்தானா? நாலு மணி நேரம் எவனும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தில் என் பொண்ணு மூழ்கிக் கிடந்தாள், அத்தனை பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வா என்றால் வருவாளா என்று பார்த்தேனோ என்னவோ. வந்தாள்.

போன வாரம் கஸ்தூரியிடம் போனில் பேசினேன். ஹைக்கே கிளப்புக்கே வருவதில்லையாம். வெள்ளிக்கிழமை சேர்ந்து ஆடுகிற நாளில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறாளாம்.

"நடந்தத எழுதி அவளுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கதவை மூடுகிற சத்தம் கேட்டது.

"மொதல்ல எனக்கு அனுப்பு. படிச்சிட்டுச் சொல்றேன்."

"வேணான்னா வேணாம்னு சொல்லு."

"வேணான்னா வேணாம்னு சொல்வேன்மா" என்றாள். அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

அதனால்தான் இந்த எட்டு நாளாய் உட்கார்ந்து எழுதினேன். இனி அனுப்புவதும் கிழித்துப் போடுவதும் அவள் இஷ்டம். பெரியவன் பொண்ணு தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். இங்க வாடி கண்ணு, இப்படி உக்காரு. இத மொதல்லேர்ந்து சத்தமா எனக்குப் படிச்சிக் காட்டு. நான் எம்பக்கமே சாஞ்சி எழுதின எடம் வந்தா நிறுத்திச் சொல்லு. ஆயா எழுதினதுன்னு தலையாட்டிக்கினு போகாத.